எல்லாம் நடந்து போற தூரம்

சந்தூக்கு, ஒடுங்கிய ஒழுங்கையின் வளைவில் சிக்கிக்கொண்டது.

"முன்னுக்குப் பிடிக்கிறாக்கள் கொஞ்சம் தூக்குங்க! சுவர்ல முட்டுது!"

"தூக்கினா மேல கரண்ட் வயர் இரிக்கு, தம்பி. சரிச்சுப் பிடிங்க."

பள்ளிவாசலிலிருந்து வெறுமையாக வந்த சந்தூக்கு அது. மையித்தைச் சுமந்து போகிற பெட்டி, உள்ளே ஆள் இல்லாதபோதே இந்தப் பாடு. ஆளை வைத்துத் திரும்பிப் போகும்போது எப்படித்தான் வளைக்கப் போகிறார்கள் என்று ஒழுங்கைப் பக்க அறைப் பாயில் இருந்த ஜெமீலா யோசித்தாள். யோசித்த கையோடு தன்மேலேயே எரிச்சல் வந்தது. புருஷன் மௌத்தாகி நாலு மணித்தியாலம்கூட ஆகவில்லை, இவளுக்கு ஒழுங்கையின் அகலம் பெரிதாகப் போயிற்று. ஆனால் என்ன செய்வது? இந்த ஒழுங்கையைப் பற்றி அவள் தலைபாடாக அடித்துக்கொண்டவள். "இதுக்குள்ள ஒரு த்ரீவீல் வருமா? ஒரு வருத்தமெண்டா என்ன செய்றது?" என்று கேட்டதற்கு ஸெய்னுதீன் சிரித்தார்.

"வருத்தமெண்டா நடந்து போவம், புள்ள. ஆஸ்பத்திரியும் நடந்து போற தூரம்தான்."

எல்லாம் நடந்து போற தூரம். ஒரு வருஷமாக அந்த மனுஷனின் வாயில் இருந்தது இந்த ஒரு வசனம்தான். பள்ளி நடந்து போற தூரம். மீன் சந்தை நடந்து போற தூரம். பஸ் ஸ்டாண்ட், கோட்டையடிக் கடற்கரை, கண்ணாடி திருத்துகிறவன், பல்லுப் பிடுங்குகிறவன் எல்லாரும் நடந்து போற தூரம். மையித்தை அடக்குகிற மையவாடியை மட்டும் அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதுவும் நடந்து போற தூரத்தில்தான் இருந்தது.

இன்று விடிய அம்புலன்ஸ் வந்து ஒழுங்கை வாயிலில் நின்றுவிட்டது. இரண்டு பொடியன்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அதற்கு முன்னால் அடுத்த ஒழுங்கை டொக்டர் சாரத்தோடு நடந்தே வந்து, நாடி பார்த்து, கிளினிக் கொப்பியைப் புரட்டி, தலையை ஆட்டிவிட்டிருந்தார். ஸ்ட்ரெச்சர் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஸெய்னுதீன் ஏன் இந்த வீட்டுக்கு ஒற்றைக்காலில் நின்றார் என்பது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஜெமீலாவுக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துகொண்டாள், அவ்வளவுதான்.

ஜெமீலாவின் ஊரான கிண்ணியாவில் வீடு என்றால் பெண்ணுடையது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து பெண்சாதி வீட்டில் ஏறுவார். ஸெய்னுதீனும் முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஜெமீலாவின் வீட்டில் வந்து ஏறினார். பிறகு அதே வீட்டை மகள் றிஷானாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார்கள். மருமகன் றுவைஸ் தன் பெட்டியோடு வந்து ஏற, இவர்கள் இருவரும் பின்பக்கம் இறக்கிய ஒற்றை அறைக்கு ஒதுங்கினார்கள். ஜெமீலாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவள் பிறந்த வளவு, அவள் உம்மா வெட்டுவித்த கிணறு, வேலிக்கு அங்கால் கூப்பிட்டால் 'ஓய்' என்று கேட்க நாலு சொந்தம். அவருக்கு? மாமனார் வீடாக இருந்தது மருமகன் வீடாக மாறியது. இடையில் அது அவருடைய வீடாக ஒரு நாளும் இருக்கவில்லை. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகிற மனுஷன்.

அவருக்கு வேலை துறைமுகத்தில், கிளாக்கராக. பாலம் கட்டுவதற்கு முன்னால் கிண்ணியாவுக்கு வர வேண்டுமென்றால் பாதையில்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். பாதை என்று ஊரார் சொன்னது வாகனமும் ஆட்களும் ஏறுகிற பெரிய மிதவையை. சண்டைக் காலத்தில் அது எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பின்னேரம் நாலு மணி ஆனால் அவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். முப்பது வருஷம் டவுனில் வேலை செய்தவர், டவுனில் ஒரு நாள் பொழுதுபடுவதை நின்று பார்த்ததில்லை. "தேத்தண்ணி கூட வாய் சுடச் சுடக் குடிச்சிட்டு ஓடுவன், புள்ள," என்பார். பாலம் வந்த பிறகும் அந்த ஓட்டம் காலைவிட்டுப் போகவில்லை.

பென்சனுக்குப் பிறகு, குச்சவெளியில் தன் பங்குக்கு வந்த காணித்துண்டை விற்று இந்த வீட்டை வாங்கினார். டவுனில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால், வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு வீடு. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர். நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு முற்றம். ஒழுங்கைப் பக்கம் ஒரேயொரு ஜன்னல், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. இன்னொரு ஜன்னல் வைப்போமென்றால் பழைய கட்டடமாம், முன்சுவரில் கை வைக்க அனுமதி இல்லையாம். ஜெமீலா முதல் நாள் உள்ளே வந்து நின்று நாலு பக்கமும் பார்த்தாள். கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார் அவர், முகமெல்லாம் பல்லாக.

"சுவர் நல்ல தடிப்பு," என்றாள்.

திங்கட்கிழமை வந்தார்கள். அவர் சாமான்கள் எல்லாம் அன்றே அவிழ்ந்து தத்தம் இடத்துக்குப் போய்விட்டன. ஜெமீலா தன் உடுப்புகளைப் பழைய படுக்கை விரிப்பில் போட்டு, நாலு மூலையையும் இறுக்கி முடிந்து கொண்டுவந்தவள், அதை அறை மூலையில் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்குப் போவது, போன கையோடு கால் வலி, தலைச்சுற்று என்று ஏதாவது சொல்லி அங்கேயே இருந்துவிடுவது. இதுதான் அவள் போட்ட திட்டம். அந்த முடிச்சை அவிழ்க்காதவரைக்கும் தான் இங்கே வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இன்று வியாழன். ஒரு நாள் பிந்தியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். அல்லாஹ்வே, இது என்ன நினைப்பு?

சந்தூக்கு ஒருவழியாக வீட்டுக்குள் வந்து முற்றத்தில் இறங்கிய சத்தம் கேட்டது. றிஷானா அறைக்குள் வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. வந்தவள் உம்மாவின் பக்கத்தில் குந்தப் போய், மூலையில் இருந்த மூட்டையைக் கண்டு அப்படியே நின்றாள்.

"உம்மா, இன்னும் அவிழ்க்கயே இல்லயா?"

ஜெமீலா பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

றிஷானா குனிந்து காதுக்குள் சொன்னாள். "அப்ப நல்லதாப் போச்சு. கேளுங்க உம்மா, வெளிய மையித்தை எங்க அடக்குறதெண்டு கதைச்சிட்டு இரிக்காங்க. இவர் வேனுக்குச் சொல்லிட்டார். ஊருக்கே கொண்டு போவம். நீங்களும் அதிலயே வாங்க. இஞ்ச இந்தக் குகைக்குள்ள நாலு மாசம் பத்து நாள் எப்பிடி இருக்கப் போறீங்க? விசரே பிடிச்சிரும்."

நாலு மாதம் பத்து நாள். புருஷன் மௌத்தானால் பெண்சாதி இத்தா இருக்க வேண்டிய காலம். வாசல் தாண்டக்கூடாது, வெள்ளை தவிர வேறு உடுக்கக்கூடாது. ஜெமீலாவின் உம்மா இருந்தாள், ராத்தா இருந்தாள், ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களெல்லாம் தங்கள் வளவில், தங்கள் கிணற்றடியில், வேலிக்கு மேலால் நாலு கதை கதைத்துக்கொண்டு இருந்தவர்கள். இங்கே? நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு அங்கால் ஒரு துண்டு வானமும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் தெரிந்தன.

"மாமி," என்று திரைக்கு வெளியே றுவைஸின் குரல் கேட்டது. "மௌலவி ஒரு விஷயம் கேக்கணுமாம்."

ஹஸ்மி மௌலவிக்கு வயது முப்பதைத் தாண்டாது. திரைக்கு அங்கால் நின்று இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"ராத்தா, குறை நினைக்காதீங்க. இந்த நேரத்தில கேக்கவும் ஏலாது, கேக்காம விடவும் ஏலாது. மையித்தை எங்க அடக்கினாலும் மண் ஒண்டுதான். ஆனா உங்கட இத்தா இரிக்கே, அது அவர் மௌத்தாகக்குள்ள நீங்க எந்த வீட்டில குடியிருந்தீங்களோ அந்த வீட்டிலதான். இஞ்ச குடிவந்திட்டீங்க எண்டா இஞ்சதான். இல்ல, வீட்டைத் துப்பரவாக்க, பாக்க எண்டு வந்து நிண்டனீங்க எண்டா கிண்ணியாவுக்குப் போகலாம். அது உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்றதுதான்."

றிஷானா உம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லுங்க என்று கண்ணால் சொன்னாள்.

சொல்வதற்கு என்ன இருக்கிறது? மூட்டை மூலையில் இருக்கிறது. ஒரு சட்டை வெளியே எடுக்கவில்லை. துப்பரவாக்க வந்தனாங்க, தம்பி. ஆறு சொல் வேண்டாம், மூன்று சொல் போதும். ஜெமீலா வாயைத் திறந்தாள்.

"என்ன கேள்வி இது?" என்று முந்திக்கொண்டு ஒரு குரல் உள்ளே வந்தது. குரலுக்குப் பின்னால் பஹ்மியா வந்தாள். ஸெய்னுதீனின் தங்கை. மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள், வந்த நேரம் தொட்டு காக்காவின் கால்மாட்டில் இருந்து ஒப்பாரியாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். முப்பத்தாறு வருஷமாக மதினியின் ஆணத்தில் உப்புக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறவள்.

"குடிவராம? என்ட காக்கா ஆசைப்பட்டு வாங்கின வீடு மௌலவி இது. நேத்துப் பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு எனக்கு ஃபோன் எடுத்தவர். கடற்கரையில கால் நீட்டிட்டு இரிக்கன், பஹ்மியா, மணிக்கூட்டைக் கழட்டி வீட்டில வெச்சிட்டு வந்தனான் எண்டு சொல்லிச் சிரிச்சவர். பிறகு சொல்றார், மதினி உடுப்பெல்லாம் அலுமாரிக்குள்ள அடுக்கிட்டாளாம், இனி அவள் போக மாட்டாளாம், இனித்தான் இது வீடு மாதிரி இரிக்காம். சின்னப் புள்ள மாதிரிச் சொன்னார். அந்தச் சந்தோசத்தில கதைச்ச மனுஷன்..." குரல் உடைந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜெமீலா மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள்.

நேற்றுப் பின்னேரம். அவர் புதுச் செருப்பு ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்தார். பெண்கள் போடுகிற செருப்பு, மெத்தென்ற அடி. "இனி த்ரீவீல் இல்ல, காலுதான். போட்டுப் பார்," என்றார். அவள் பிறகு பார்க்கிறேன் என்று சொல்லி மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, குசினி வாசலில் வந்து நின்றார். அந்தப் பழைய அலுமாரியை இரண்டு நாளாக உரசித் துடைத்து, தட்டுக்குத் தட்டு பேப்பர் விரித்து, இடப்பக்கம் முழுவதையும் அவளுக்கென்று காலியாக விட்டிருந்தார்.

"உடுப்பெல்லாம் அலுமாரிக்குள்ள வெச்சிட்டியா?"

"ஓம், வெச்சிட்டன்."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். மீன் செதில் கையெல்லாம். வாக்குவாதத்துக்கு நேரமில்லாமல் சொன்ன பொய். வெள்ளிக்கிழமை எப்படியும் வெளியே வரத்தானே போகிறது என்று நினைத்தாள். அவர் அலுமாரியைத் திறந்து பார்க்கவில்லை. அவள் சொன்னால் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "நல்லம்," என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு, கடற்கரைக்கு நடந்து போனார். இன்று சுபஹுத் தொழுகைக்குப் போய், காலைச் சாப்பாட்டுக்குப் பாணோடு வந்தவர், "சந்தியில, இந்த டவுனுக்குள்ள திரியிற மான் ஒண்டு இந்தப் பாணுக்கு என்னோட மல்லுக்கு நிண்டது, புள்ள," என்று சிரித்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியோடு அவள் திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமி, அப்பிடி ஒண்டும் இல்ல," என்று றிஷானா பஹ்மியாவைப் பார்த்துச் சொன்னாள். "உம்மா இன்னும் உடுப்பே அவிழ்க்கல்ல. இந்தா பாருங்க, மூட்டை." மூலையில் இருந்ததைக் கையால் காட்டினாள்.

பஹ்மியா மூட்டையைப் பார்த்தாள். பிறகு மதினியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று ஜெமீலா எதிர்பார்த்தாள். கோபம் வரவில்லை. வழி தவறின சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி அது குழம்பிப் போயிற்று.

"அப்ப... காக்கா பொய்யா சொன்னவர்?"

திரைக்கு அங்கால் மௌலவியின் நிழல் ஆடாமல் நின்றது. முற்றத்தில் யாரோ வாளிக்குள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குளிப்பாட்டுவதற்கு ஆயத்தம்.

நல்லா மாட்டிவிட்டீங்க, என்று ஜெமீலா மனதுக்குள் அவரைப் பார்த்துச் சொன்னாள். முப்பத்தாறு வருஷம் என்ட வீட்டில ஒரு சொல் சொல்லாம இருந்தீங்க. இப்ப உங்கட வீட்டில என்னைய இருத்திட்டுப் போறீங்க. நான் ஏன் இருக்கணும்? நான் கேட்டனானா இந்த வீட்டை? மூன்று சொல் சொன்னால் அவள் தன் வளவுக்குப் போகலாம். ஆனால் அந்த மூன்று சொல்லோடு அவரும் இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவார். துப்பரவாக்க வந்த இடத்தில் மௌத்தான ஆள் என்று ஊர் சொல்லும். பெண்சாதி வீட்டில் ஏறி, பெண்சாதி ஊரிலேயே இறங்கினவர். நேற்றைய பின்னேரம் என்று ஒன்று அவருக்கு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அவர் தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்த கதையும் பொய்யாகிப் போகும்.

"அவர் ஏன் பொய் சொல்றார்?" என்றாள் ஜெமீலா. தன் குரல் இவ்வளவு உரக்க வருமென்று அவள் நினைக்கவில்லை. "அது கழுவ வெச்ச உடுப்பு. தம்பி, நாங்க குடிவந்தனாங்க. திங்கக்கிழமையே குடிவந்திட்டம்."

றிஷானாவின் பிடி தளர்ந்தது. அவள் மூட்டையைப் பார்த்தாள். முடிச்சுக்கு இடையில், மடிப்புக் குலையாமல், கஞ்சி போட்டு மினுக்கிய சேலையின் கரை வெளியே தெரிந்தது. அவள் அதையும் பார்த்து, உம்மாவின் முகத்தையும் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய், சேலைக் கரையை உள்ளே தள்ளி, மூட்டையைக் கட்டிலுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.

"அல்லாஹ் பொறுமையைத் தருவான், ராத்தா," என்றார் மௌலவி. வெளியே போய்ச் சொல்வது கேட்டது. "வேன் வேணாம். குழி வெட்டச் சொல்லுங்க. லுஹருக்குப் பிறகு இஞ்சயே அடக்குவம்."

குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, கடைசியாகப் பார்க்க ஜெமீலாவை அழைத்துப் போனார்கள். முகத்தைத் திறந்து காட்டினார்கள். அந்தச் சிரிப்பு இப்போது இல்லை, கழுவுண்டு போயிருந்தது. அவளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது, அதை இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல ஏலாது. நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, வயிற்றுக்குள்ளிருந்து, நிறுத்த முடியாமல். பஹ்மியாதான் தாங்கிப் பிடித்தாள்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். வாசலால் நேரே போய்விட்டது. வளைவில் மறுபடி நின்றது. இந்த முறை சரிக்கவும் ஏலாது, உயர்த்தவும் ஏலாது. தோளில் ஆள் இருக்கிறார். ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிற சத்தம் ஒழுங்கையை நிறைத்தது. ஜெமீலா கண்ணை மூடிக்கொண்டாள். போகவும் விடுதில்லையே இந்த ஒழுங்கை, என்று நினைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ!" என்று ஒரு பெண் குரல் எழுந்தது. வளைவில் இருக்கிற வீட்டு அன்னப்பிள்ளை. திங்கட்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "அக்கா, ஏதும் தேவையெண்டால் சுவரிலை தட்டுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனவள். "எங்கடை கேற்றைத் திறந்து விடுறன். முற்றத்துக்குள்ளாலை எடுத்துத் திருப்புங்கோ. பூச்சாடியைப் பாக்காதேங்கோ, உடைஞ்சாப் பரவாயில்லை. அந்த நானா பாவம், அவர் எத்தினை தரம் என்னட்டைச் சொன்னவர், இந்த வளைவாலை கட்டில் கொண்டு வர உங்கடை கேற் வேணும் எண்டு."

துருப்பிடித்த கேற் கிறீச்சிட்டுத் திறந்தது. காலடிகள் அந்த முற்றத்துக்குள் போய், வளைந்து, மறுபடி ஒழுங்கைக்கு வந்து, நேராகின. ஒரு சாடி உடைந்தது. கலிமா சொல்லிக்கொண்டு போகிற குரல்கள் வீதிக்குத் திரும்பின. நாலைந்து நிமிஷம்தான், பள்ளியின் ஒலிபெருக்கி ஜனாஸாத் தொழுகைக்கு வரிசையில் நிற்கச் சொன்னது. ஜெமீலாவுக்கு எல்லாம் துல்லியமாகக் கேட்டது. கிண்ணியாவாக இருந்தால் கேட்டிருக்காது. அங்கே பள்ளி தூரம்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு வந்தவர்கள் கலைந்தார்கள். யாரோ பொதியில் வெள்ளைச் சேலை இரண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஜெமீலா ஒன்றை உடுத்துக்கொண்டு அறைக்குள் இருந்தாள். பஹ்மியா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்து அறிவித்தாள்.

"மதினி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். இத்தா முடியும் மட்டும் நான் உங்களோட இரிப்பன். எனக்கு மூதூர்ல ஆர் இரிக்கா? காக்காட வீட்டில இருந்து ஒரு வாய் சோறு தின்னக் கிடைக்கல்லயே எண்டு எத்தின வருஷம் நினைச்சனான்."

நாலு மாதம் பத்து நாள், பஹ்மியாவோடு, இந்தச் சுவருக்குள். ஜெமீலா கெஞ்சியாவது வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். "இரிங்க," என்றாள்.

றிஷானாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், கிண்ணியாவுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவதாகச் சொன்னாள். புறப்படும்போது குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்து, செருப்புப் பெட்டியை இழுத்து எடுத்தாள்.

"இது ஆர்ட, உம்மா? புதுசு."

"என்ட. உங்கட வாப்பா வாங்கினவர்."

"நான் கொண்டு போய் வைக்கட்டா? இப்பைக்குத் தேவைப்படாதே."

"வெச்சிட்டுப் போ, மகள்."

றிஷானா அழுதுகொண்டே உம்மாவைக் கட்டிப் பிடித்தாள். தோளில் முகத்தை வைத்தபடி, மிக மெதுவாகக் கேட்டாள். "ஏன் உம்மா?" ஜெமீலா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நேரமாகுது, பஸ்ஸைப் பிடி," என்றாள். வாசல்வரைக்கும் போய் நின்றாள். மகள் வளைவில் திரும்பி ஒரு தரம் கையை ஆட்டிவிட்டு மறைந்தாள். ஜெமீலாவின் கால் தன்பாட்டில் ஒரு எட்டு எடுத்து வைக்கப் போயிற்று. வாசல்படியில் நிறுத்திக்கொண்டாள். ஒழுங்கையில் இரண்டு பெண்கள் மீன் பையோடு கதைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள், இவளைக் கண்டதும் சிரிப்பை அடக்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

அறைக்கு வந்து மூட்டையை இழுத்து முன்னால் வைத்தாள். முடிச்சு விடவில்லை. அவிழ்க்கக்கூடாது என்றே போட்ட முடிச்சு. நகம் நோக இழுத்துப் பார்த்தாள். கடைசியில் பல்லால் கடித்து இளக்கினாள். நீலச் சேலை, பெருநாளுக்கு மகள் எடுத்துக் கொடுத்த மரூன் சேலை, வீட்டுக்கு உடுக்கிற சீத்தைச் சட்டைகள், தொழுகிற உடுப்பு. ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியின் இடப்பக்கத்தில் அடுக்கினாள். இதில் தொழுகிற உடுப்பைத் தவிர வேறொன்றையும் அவளால் இப்போது தொட ஏலாது. இருந்தும் மடிப்பு மடிப்பாக, ஓரம் பிசகாமல் அடுக்கினாள். அவர் விரித்திருந்த பேப்பர் ஒவ்வொரு தட்டிலும் சுருக்கமில்லாமல் படிந்திருந்தது. வலப்பக்கம் அவருடைய சாரங்களும் நாலு சேர்ட்டும் இருந்தன.

சுவர் மாடத்தில் அவருடைய மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவருடைய சேர்ட்டுகளுக்கு மேலே வைத்தாள்.

"இப்ப பாருங்க," என்றாள் வாய்விட்டே. "வெச்சிட்டன்."

"என்ன மதினி?" என்று குசினியிலிருந்து பஹ்மியா கேட்டாள்.

"ஒண்டுமில்ல."

"இந்த வீட்டில சீனி எங்க வைக்கிறது?"

ஜெமீலாவுக்கு அது தெரியவில்லை. அவர்தான் வைத்தவர். "மேல் தட்டில பாருங்க," என்றாள் ஒரு குருட்டுவாக்கில். "ஓ, இரிக்கு," என்று சத்தம் வந்தது.

பொழுதுபட, பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ஒழுங்கையில் செருப்புச் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவள் பெட்டியைத் திறந்து, செருப்புச் சோடியை எடுத்து, அலுமாரியின் அடித்தட்டில் வைக்கப் போனவள், ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த விலைத்துண்டு ஒரு மூலைகூடக் கிழியாமல் இருந்தது.